விருப்பம் ஏற்பட வேண்டிய கடைசி நாள்

அடிப்பதற்கு முன்னால் பெயரைக் கேட்கிறார்கள். அதையும் எவ்வளவு பதவிசாகக் கேட்கிறார்கள்! உங்க பேரு என்னங்க, எத்தனை வருஷ சர்வீஸுங்க, வூட்ல எல்லாரும் சௌக்கியமாங்க என்று விசாரித்து, சொன்ன பதிலைத் தாளில் எழுதிக்கொண்டு, பேனாவை மூடிப் பைக்குள் வைத்த பிறகுதான் அடிக்கிறார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட இத்தனை அக்கறையாக விசாரிக்கவில்லை.

மலர்கொடி இப்படி நினைத்தாளே தவிர வாயைத் திறக்கவில்லை. பெரம்பலூரில் துறையூர் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில், மூன்றாவது வரிசையில், மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோத்த கைக்குள் கைக்குட்டை. கைக்குட்டைக்குள் ஃபோர்மேன் ஹுமாயூனின் முன்பல். சற்று முன்புதான் அது மேடையிலிருந்து தெறித்து வந்து அவள் காலடியில் விழுந்திருந்தது.

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்துக்கும் மின்சாரம் கொடுக்கும் மருதையாறு மின் வழங்கல் நிறுவனம் தன்னை மறுசீரமைத்துக்கொள்ளத் தொடங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. மறுசீரமைப்பு என்றால் என்னவென்று முதலில் ஒருவருக்கும் விளங்கவில்லை. தா.பழூர் ஆபீஸில் இருந்த எட்டு மேஜையில் ஐந்தை லாரியில் ஏற்றிக்கொண்டு போன அன்று பாதி விளங்கியது. மீதியை விளக்க ஒரு சுற்றறிக்கை வந்தது.

'ஊழியர்கள் எவருடைய தூண்டுதலும் இன்றித் தாமாகவே பணியிலிருந்து விடைபெற விருப்பம் கொள்ளலாம். விருப்பம் ஏற்பட வேண்டிய கடைசி நாள் மார்ச் 31, மாலை ஐந்து மணி. அதற்குள் விருப்பம் ஏற்படத் தவறியவர்கள், தவறியதற்கான காரணத்தை எழுத்துமூலம் விளக்க வேண்டும்.'

முந்நூற்று நாற்பது பேருக்கு விருப்பம் ஏற்பட வேண்டும் என்று சென்னைத் தலைமையகம் இலக்கு வைத்தது. பிப்ரவரி முடிகிறவரை பதினொரு பேருக்குத்தான் ஏற்பட்டிருந்தது. அதிலும் இரண்டு பேர் ஏற்கெனவே செத்துப்போனவர்கள்.

ஆகவே மண்டபத்தில் விருப்ப வளர்ச்சி முகாம். நடத்த வந்தவர் தலைமை விருப்ப அலுவலர் பிரசாத். மெல்லிய மனிதர். கிட்டப் போனால் சந்தனம் மணக்கும். குரலை உயர்த்தவே மாட்டார். அதற்கென்று ஆறு பேரை வேனில் கூட்டி வந்திருந்தார். வெள்ளைச் சட்டையில் ரோஜாப்பூ குத்திக்கொண்டு, கழுத்தே இல்லாமல் தோளில் நேராகத் தலை வைத்த ஆறு பேர். அவர்களுக்கு விருப்ப உதவியாளர்கள் என்று பெயர்.

"இந்த மண்டபத்துல கட்டாயம்ங்கற வார்த்தைக்கே இடமில்லை" என்று பிரசாத் மைக்கில் சொன்னார். "யாராவது அந்த வார்த்தையைச் சொன்னா வெளியே அனுப்பிடுவோம்னு பயப்படாதீங்க. அனுப்ப மாட்டோம். கதவைப் பூட்டிட்டோம். உங்களுக்குள்ள இருக்கற விருப்பம் உங்களுக்கே தெரியாது. எங்களுக்குத் தெரியும். பட்டியல் போட்டாச்சு."

பிறகு கையெழுத்து ஏன் கூடாது என்று விளக்கினார். "கையெழுத்து வாங்கினா, நாளைக்குக் கோர்ட்ல போயி மிரட்டி வாங்கினாங்கன்னு சொல்லுவீங்க. எங்க வக்கீல் அருமையான யோசனை சொன்னார். பொன்னாடை! நம்ம ஊர்ல பொன்னாடை போர்த்தும்போது வேண்டாம்னு சொன்னவன் எவனாவது உண்டா? தோள்ல பொன்னாடை, கையில நினைவுப் பரிசு, ஒரு போட்டோ. அதைப் பார்க்கற எந்த நீதிபதியும் இவர் சந்தோஷமா போயிருக்கார்னுதான் தீர்ப்பு எழுதுவார்."

ஆக, எவன் தோளில் சால்வை விழுந்து போட்டோ எடுக்கப்படுகிறதோ அவனுக்கு விருப்பம் ஏற்பட்டுவிட்டது. விதி அவ்வளவுதான்.

அப்போதுதான் ஹுமாயூன் எழுந்து, "சார், விருப்பம் இல்லாதவங்க எந்த வரிசையில நிக்கணும்?" என்று கேட்டார். லப்பைக்குடிகாட்டுக்காரர், முப்பத்தொரு வருஷ சர்வீஸ். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். உதவியாளர் ஒருவர் பெயர் கேட்டார். சர்வீஸ் கேட்டார். வீட்டு சௌக்கியம் கேட்டார். பேனாவை மூடினார். அதற்குப் பிறகு மேடைக்குத் தூக்கிக்கொண்டு போய் நினைவுப் பரிசை முகத்திலேயே வழங்கினார்கள். பித்தளையில் வார்த்த மின்கம்பம், நாலு கிலோ.

போட்டோ எடுத்த பிறகு டாக்டர் வந்தார். ரத்தத்தைத் துடைத்து, தாடையில் கட்டுப்போட்டு, சான்றிதழ் எழுதினார்: 'உடல்நலம் திருப்தி. மனநிலை மகிழ்ச்சி. பேசவில்லை, பேச விருப்பமில்லை.'

ஹுமாயூன் தள்ளாடிக்கொண்டு வந்து மலர்கொடி பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மலரு, என் பல்லப் பாத்தியா?"

"எங்கிட்டதாண்ணே இருக்கு."

"நீயே வெச்சிரு. எங்கிட்ட இருந்தா அதுக்கும் ஒரு சால்வை போத்திடுவானுவ." கட்டுக்குள்ளிருந்து குரல் கொழகொழவென்று வந்தது. "ராவு மவன் தௌஃபீக்கு துபாய்லேருந்து வீடியோ கால் போடுவான். யா அல்லா, சிரிக்காம பேசணும். புள்ள, அத்தா ஏன் சிரிக்கலன்னு கேப்பானே."

மலர்கொடிக்கு அன்று சால்வை விழவில்லை. பெண்களுக்கான சால்வைகள் ஈரோட்டிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை.

சப்-ஸ்டேஷனில் ஆபரேட்டர் டூட்டிக்குத் திரும்பிய பிறகு கை நடுங்குகிறதா என்று பார்த்தாள். நடுங்கவில்லை. அதுதான் அவளுக்குத் திகிலாக இருந்தது. பதினாலு வருஷமாக டிரான்ஸ்ஃபார்மர் உறுமலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த உறுமல் காதில் விழாமலே போயிருந்தது. பயமும் அப்படித்தான் ஆகிவிட்டதோ என்று நினைத்தாள். அது எந்நேரமும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் ஏறி உட்கார்ந்து, சரிங்க சார், சரிங்க சார் என்று இத்தனை வருஷமும் ஓட்டியாகிவிட்டது. தனக்கென்று ஒரு விருப்பம் எப்போது இருந்தது என்று யோசித்துப் பார்த்தாள். எட்டாவது படிக்கும்போது ஒரு பச்சைப் பாவாடை. வேறு ஞாபகம் வரவில்லை.

மார்ச் மாதம் வேட்டை மாதமாயிற்று.

மண்டபத்துக்கு யாரும் வராததால் உதவியாளர்கள் சால்வையை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். குன்னம் பக்கம் ஒரு வயர்மேனைப் பருத்திக் கொல்லையில் விரட்டிப் பிடித்தார்கள். காறை எலும்பு முறிந்தது. முறிந்த தோளில்தான் சால்வை அழகாக நிற்கிறது என்று போட்டோக்காரர் சொன்னார். அரியலூரில் சிமெண்ட் லாரிகளின் வரிசைக்கு நடுவில் ஓடிய மீட்டர் ரீடருக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை. இடுப்புக்கு மேல் மட்டும் எடுங்கள் என்று பிரசாத் சொன்னார். பார்க்கிறவர்கள் மனசு சங்கடப்படக்கூடாது.

தமிழ்மாறன் என்ற லைன்மேன் கதை வேறு மாதிரி. அவன் யாரிடமும் சிக்கவில்லை. அக்கா மகளின் காதணி விழாவில் தாய்மாமனாக மணையில் உட்கார்ந்தான். சம்பந்தி வீட்டார் வழக்கப்படி சால்வை போர்த்தினார்கள். யாரோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். மறுநாள் காலை தமிழ்மாறனுக்கு விருப்பம் ஏற்பட்டிருந்தது. சம்பந்தி வீட்டுக்குப் போய் அந்தச் சால்வையாலேயே அக்காவின் மாமனார் கழுத்தை இறுக்கினான் என்று கேள்வி. அந்த வருஷம் பங்குனி முகூர்த்தங்களில் இரண்டு மாவட்டத்திலும் எந்த மின் ஊழியனும் தாய்மாமன் சீர் செய்யச் சம்மதிக்கவில்லை.

தா.பழூரில் ஊழியர்கள் திருப்பி அடித்தார்கள். சால்வையோடு வந்த உதவிப் பொறியாளரை நாலு பேர் கீழே தள்ளி, மார்மேல் உட்கார்ந்து, அவர் கொண்டுவந்த சால்வையை அவருக்கே போர்த்திப் போட்டோவைத் தலைமையகத்துக்கு அனுப்பினார்கள். தலைமையகம் ஏற்றுக்கொண்டது. இலக்கில் ஒன்று கூடியது. அதிலிருந்து மலர்கொடியின் உதவிப் பொறியாளர், அதாவது ஏ.இ., இளையபெருமாள் முதுகைச் சுவரோடு வைத்துக்கொண்டு பக்கவாட்டில்தான் நடந்தார்.

மார்ச் 31 காலையில் கணக்கு முந்நூற்று முப்பத்தொன்பது. இலக்குக்குப் பாக்கி ஒன்று. பட்டியலில் மிஞ்சியிருந்த ஆண் ஒருவன்தான். லைன்மேன் பாவாடை.

ஒன்பதே முக்காலுக்கு அவன் சப்-ஸ்டேஷனுக்கு வந்தான். ஒரு கையில் சோற்றுத் தூக்கு, மறு கையில் இடுப்பு பெல்ட்.

"அக்கா, வாலிகண்டபுரம் ஃபீடருக்கு எல்.சி. குடுங்க. கம்பத்துல காக்கா கூடு கட்டிருக்கு. கட்டுக்கம்பி, அலுமினியத் துண்டு எல்லாம் வெச்சு அரமண கட்டிருக்கு."

ஃபீடர் என்றால் சப்-ஸ்டேஷனிலிருந்து ஊருக்குப் போகும் லைன்; எல்.சி. என்றால் லைன் கிளியர். லைனை நிறுத்திவிட்டேன், நீ ஏறலாம் என்று ஆபரேட்டர் கொடுக்கும் வாக்கு. வாங்கினவன் பெயரைப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். வேலை முடிந்ததும் வாங்கினவனே திரும்பி வந்து, முடிந்தது என்று கையெழுத்துப் போட வேண்டும். அவன் பெண்டாட்டி வந்து சொன்னாலும், ஏ.இ. வந்து சொன்னாலும், அதுவரை லைனில் மின்சாரம் விடக்கூடாது. அந்த நிறுவனத்தில் எதையும் எப்படியும் செய்யலாம். இந்த ஒன்றை மட்டும் யாரும் மாற்றிச் செய்ததில்லை.

மலர்கொடி ஃபீடரை நிறுத்தினாள். 'ஆள் வேலை செய்கிறார்' என்ற பலகையை சுவிட்சில் மாட்டினாள். பேனலைப் பூட்டி, சாவியை ஹுமாயூனின் பல் இருந்த கைக்குட்டையிலேயே முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அதைத் திருப்பிக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போக அவளுக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

பாவாடை ஏறின கம்பம் ஜன்னலிலிருந்து தெரிந்தது. நடுவே அறுத்துப் போட்ட மக்காச்சோளக் கொல்லை. பத்தரைக்குப் போன் வந்தது.

"அக்கா, கூட்ட எடுத்துட்டேன். நாலு முட்டை இருக்கு. அந்த வேப்பமரத்துல வெச்சுடலாம்னு பாத்தா, கீழ ஆறு பேரு சால்வையோட நிக்கிறானுவ."

"எறங்கிடாதடா தம்பி."

"எறங்குவனா? சோறு இருக்கு, தண்ணி இருக்கு. அஞ்சு மணி தாண்டிட்டா விருப்பம் காலாவதியாமே? அதுவரைக்கும் இங்கயே குந்திக்கிறேன். காக்காதான் மண்டையில கொத்துது. அதுக்கு யாரு இலக்கு குடுத்தாங்களோ."

உதவியாளர்களுக்குக் கம்பம் ஏறத் தெரியாது. ஏறத் தெரிந்த முந்நூறு பேரும் விருப்பப்பட்டுப் போயிருந்தார்கள். முதலில் வேனைப் பின்னால் எடுத்துக் கம்பத்தில் மோதினார்கள். கம்பம் அதிர்ந்தது, பாவாடை பெல்ட்டில் தொங்கினான். பிறகு சால்வைக்குள் கல்லை முடிந்து மேலே எறியத் தொடங்கினார்கள். மரியாதையின் கனம் என்னவென்று மலர்கொடி அன்றுதான் கண்ணால் பார்த்தாள். ஒரு கல் முழங்கையில் பட்டது. ஒன்று சோற்றுத் தூக்கைக் கவிழ்த்தது. மூன்று மணிக்கு மேல் ஒன்று புருவத்தைப் பிளந்தது. ரத்தம் கண்ணை மறைத்த நேரத்தில் அடுத்த சால்வை வந்து அவன் தோளில் சிக்கிக்கொண்டது. கீழே கைதட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள்.

மூன்று நாற்பதுக்குப் பாவாடைக்கு விருப்பம் ஏற்பட்டது. நூறு சதவிகிதம்.

அவன் இறங்கவில்லை. அவனுக்கு ஐந்து மணிக் கணக்குதான் தெரியும். மலர்கொடி கூப்பிட்டபோது போனை எடுத்தான். மூச்சு மட்டும் கேட்டது.

நாலரைக்குக் கன்ட்ரோல் ரூமுக்குள் பிரசாத்தும் இளையபெருமாளும் உதவியாளர் இரண்டு பேரும் வந்தார்கள். பிரசாத்தின் கையில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஒரு சால்வை. ஈரோட்டிலிருந்து வந்துவிட்டது.

"மலர்கொடி மேடம், வாலிகண்டபுரம் ஃபீடரைப் போட்டுடுங்க. நூறு சதவிகித விருப்பத்தைக் கொண்டாட நம்ம நிறுவன சேர்மன் மண்டபத்துக்கு வந்துட்டார். மண்டபமும் அதே லைன்தான், உள்ளே இருட்டு. ஏசி இல்லை. பாராட்டுப் பத்திரத்தால விசிறிக்கிட்டு உட்கார்ந்திருக்கார்."

"ஜெனரேட்டர் இருக்குமே சார்."

"இருக்கு. அதை ஓட்டறவருக்குப் போன வாரமே விருப்பம் ஏற்பட்டுடுச்சு."

"லைன்ல ஆள் இருக்காரு சார். பாவாடை."

பிரசாத் போனில் போட்டோவைக் காட்டினார். ரத்தத்தில் நனைந்த முகம். தோளில் சரிகைக் கரை. "பாவாடை நம்ம ஊழியர் இல்லையே. மூணு நாற்பதோட போயிட்டார். நம்ம பதிவேட்டின்படி லைன்ல ஊழியர் யாரும் இல்லை. அங்க இருக்கறது ஒரு பொதுஜனம்."

"பொதுஜனம் செத்துப் போவாரே சார்."

"அனுமதியில்லாம மின்கம்பத்துல ஏறினா உயிருக்கு ஆபத்துன்னு ஒவ்வொரு கம்பத்துலயும் மண்டையோடு படம் போட்டு மாட்டியிருக்கோம். அதுக்கு மேல ஒரு நிறுவனம் என்ன செய்ய முடியும்?"

இளையபெருமாள் சுவரை ஒட்டியபடி, "இந்தாம்மா, எல்.சி. புக்ல அவன் பேர அடிச்சுட்டு, ஆளில்லன்னு எழுதிடு. நேரமாவுது" என்றார்.

"நீங்க எழுதிக் குடுங்க சார். நான் வெச்சுக்கிறேன்."

இளையபெருமாள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். பிரசாத்துக்கு முதல் தடவையாக முகம் வாடியது.

"எழுதிக் குடுத்தா அது உத்தரவு ஆயிடும் மேடம். நம்ம நிறுவனத்துல உத்தரவே கிடையாது. நாளைக்கு ஏதாவது விசாரணைன்னு வந்தா, பிரசாத் சொல்லித்தான் போட்டேன்னு நீங்க சொன்னா எனக்கு எவ்வளவு வேதனையா இருக்கும்? நீங்களா விருப்பப்பட்டுப் போடணும். அதுதான் அழகு." ஒரு தாளை நீட்டினார். "படிச்சுப் பாருங்க. உங்களுக்காகவே அடிச்சது."

'நான் எவருடைய தூண்டுதலும் இன்றி, என் சொந்த விருப்பத்தின் பேரில், வாலிகண்டபுரம் ஃபீடரில் மின்சாரம் செலுத்துகிறேன்.' கீழே டிக் போட இரண்டு கட்டங்கள். விருப்பம். மிகுந்த விருப்பம்.

மலர்கொடி தாளை வாங்கி மேஜைமேல் வைத்தாள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே மேஜை. யாரோ போனில், வேலை முடிஞ்சுது, போடலாம் என்றார்கள். யார் என்று கேட்கவில்லை. சரிங்க சார் என்று சொல்லிவிட்டுப் பலகையைக் கழற்றினாள். சுவிட்சில் விரல் வைத்தாள். அழுத்த இருந்த நேரத்தில் மறுபடி போன் அடித்தது. "அக்கா, இன்னும் அரமணி ஆவும். கிளாம்பு கழண்டுகிட்டு வர மாட்டேங்குது." கம்பத்தின் உச்சியிலிருந்து பாவாடை. அப்போது அவனுக்குக் கல்யாணமாகி இருபது நாள். விரலுக்கும் அழுத்தத்துக்கும் நடுவே இரண்டு வினாடி. அவனிடம் அவள் சொன்னதே இல்லை. அவன் தீபாவளிக்கு முறுக்கு கொண்டுவந்து தரும்போதெல்லாம் அந்த இரண்டு வினாடி ஞாபகம் வரும். முறுக்கை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவாள்.

ஜன்னலைப் பார்த்தாள். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. கம்பத்தின் மேல் அவன் அசையாமல் சாய்ந்திருந்தான். இடது கையால் எதையோ நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான். முட்டை, என்று அவளுக்குத் தெரிந்தது. இன்னும் கீழே போடவில்லை.

சுவர்க் கடிகாரத்தில் நாலு ஐம்பது.

பிரசாத் சால்வையின் உறையைப் பிரித்தார். மெரூன் நிறம். "நீங்க போட்டுட்டீங்கன்னா இதுக்குத் தேவையே இல்லை மேடம். நிறுவனம் உங்களை வெச்சுக்கும். போடலைன்னா, பாருங்க, உங்களுக்கே விருப்பம் வந்துடும்." அவர் கண் ஜாடை காட்ட, உதவியாளர்களில் ஒருவன் மேஜையருகே வந்தான். தாள் வைத்த அட்டையும் பேனாவும் அவன் கையில் இருந்தன. பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"உங்க பேரு என்னங்க?"

"மலர்கொடி."

"எத்தனை வருஷ சர்வீஸுங்க?"

"பதினாலு."

"வூட்ல எல்லாரும் சௌக்கியமாங்க?"

"சௌக்கியந்தான்."

அவன் எழுதி முடித்துப் பேனாவை மூடினான். உள்ளே ஓடிக்கொண்டிருந்த பயம் அவளுக்கு இப்போது தெளிவாகக் கேட்டது. கேட்டது நல்லதுதான் என்று பட்டது. கைகள் நடுங்கின. நடுங்குகிற கையால் இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். முடிச்சில் சாவியும் பல்லும் பத்திரமாக இருந்தன.

"எனக்கு விருப்பமில்லைங்க சார்" என்றாள்.

பிரசாத்துக்குப் புரியவில்லை. படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்குக் கட்டம் இல்லை.

"எல்.சி. வாங்குனவரு எறங்கி வந்து கையெழுத்துப் போடட்டும்" என்று சொல்லிவிட்டு, மலர்கொடி தன் பேனாவின் மூடியைக் கழற்றினாள். படிவத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, எல்.சி. புத்தகத்தை முன்னால் இழுத்து எழுதத் தொடங்கினாள். மணி 4.52. வாலிகண்டபுரம் ஃபீடர். ஆள் வேலை செய்கிறார்.